சும்மா இருந்த கைகள்

மழைக்காலம் தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போதே அந்த வீட்டுக்குள் மழைக்காலம் வந்துவிடும். முன்னறையில் கால் வைக்க இடமிருக்காது. ஒரு மூலையில் கம்பிக்கூடுகள் சாய்ந்து கிடக்கும். மறு மூலையில் வெட்டிய கறுப்புத் துணி கூரையைத் தொடும். பிசின் நாற்றம் சோற்றில்கூட அடிக்கும். வீட்டுக்காரருக்குத் தெருவில் குடைக்காரர் என்றுதான் பெயர். அவர் வெயிலிலும் குடை பிடிக்கமாட்டார், மழையிலும் பிடிக்கமாட்டார். கேட்டால், "நாள் பூரா மடியில வெச்சிருக்கேன், தலையிலயும் வெச்சுக்கணுமா?" என்பார்.

வேலை பேச்சுக்குத்தான் பிரிந்திருந்தது. எட்டுத் துண்டுத் துணியை மிஷினில் சேர்த்துத் தைப்பது அவர் மனைவி. தைத்த துணியைக் கம்பிக்கூட்டின்மேல் இழுத்துப் போர்த்தி, ஒவ்வொரு மூலையையும் கம்பி முனையோடு ஊசியால் கட்டுவது அவருடைய அக்கா. கைப்பிடி ஒட்டி, விரித்துப் பார்த்து, மடித்து அடுக்குவது அவர். ஆனால் அடுப்பில் பால் பொங்கினால் மனைவி எழுந்து போவாள், அக்கா மிஷினில் உட்கார்ந்துவிடுவார். அக்காவுக்குக் கண் எரிந்தால் ஊசி தம்பி கைக்கு வரும். பாதி மூலை கட்டிய குடை யார் மடியிலிருந்து யார் மடிக்குப் போயிற்று என்று யாரும் கேட்டதில்லை. யார் கை சும்மா இருக்கிறதோ அவர் எடுக்கவேண்டும். அந்த வீட்டில் ஒரு குடைக்கும் தனியாகச் சொந்தக்காரர் கிடையாது. அதனால்தான் மூன்று பேரைக் கொண்டு ஏழு பேர் வேலையைச் செய்தார்கள். அதனால்தான் இந்தக் கதையும் நடந்தது.

அந்த அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எட்டாவதோடு பள்ளியை நிறுத்தி அவர் கையில் ஊசியைக் கொடுத்துவிட்டார்கள், தம்பியாவது படிக்கட்டும் என்று. தம்பி ஒன்பதாவதோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கல்யாணப் பேச்சு வந்த நேரமெல்லாம் பாழாய்ப்போன மழைக்காலமாக இருந்தது, வேலையை விட்டு யாரும் எழுந்திருக்கவில்லை. இப்படியே நாற்பதைத் தாண்டிவிட்டார். குடைக்காரரின் ஒரே மகள் குருவிக்கு அவர் அத்தை. சோற்றைக் கொறிப்பதால் குருவி என்று பெயர் வைத்ததும் அவர்தான். குருவிக்குப் பதினோரு வயது.

குருவியின் தாய்மாமன் வாய்ச்சாலகன். முன்பு செல்போன் கடையில் இருந்தான். வாங்க வராதவனையும் வாங்கவைத்து அனுப்புவான். புதிதாக வந்த பள்ளியில் அவனுக்கு வேலை கிடைத்தது. பழைய கிடங்கொன்றை இடித்துக் கட்டிய பள்ளி. கண்ணாடிச் சுவர், தரையில் மெத்தை, கரும்பலகை இல்லை, மணி இல்லை. அங்கே ஆசிரியர் என்று யாரையும் சொல்லக்கூடாதாம். இவனுக்கு வழிகாட்டி என்று பெயர்.

போன வருடம் ஒரு நாள் குடைக்காரரின் மனைவியான தன் அக்கா வீட்டுக்கு வந்து, துணிக்கட்டின்மேலேயே உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தான்.

"அக்கா, குருவியை அங்க சேத்துடு. நாப்பது பிள்ளைக்கு ஒரே பாடத்தைக் கத்திட்டுப் போற பள்ளிக்கூடம் இல்ல இது. ஆளுக்கொரு டேப், பெரிய செல்போன் மாதிரி. அதுக்குள்ள அந்தப் பிள்ளைக்குன்னே பாடம். தெரிஞ்சா மேல கூட்டிட்டுப் போகும். தெரியலேன்னா நின்னு சொல்லிக் குடுக்கும். அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி."

"அதுவே எல்லாம் சொல்லிக் குடுத்தா நீ எதுக்கு மாப்ள அங்க?" என்றார் குடைக்காரர்.

"நான் பக்கத்துல இருந்து பாத்துக்குவேன், அத்தான்."

"பாக்குறதுக்குச் சம்பளமா? எனக்கும் ஒரு இடம் சொல்லு. நான் நல்லாப் பாப்பேன்."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் மனைவி. "தம்பி, இதுக்கெல்லாம் யாரு செலவு பண்றா?"

"ஒரு அறக்கட்டளை. பெரிய பெரிய ஆளுங்க. பிள்ளைங்க எவ்வளவு நேரம் படிக்குது, எத்தனை படி ஏறுதுன்னு அங்க உக்காந்தே பாப்பாங்க. நல்லா ஏறுச்சுன்னா இன்னும் ரெண்டு பள்ளிக்கூடத்துக்குப் பணம் குடுப்பாங்க. அதுல ஒண்ணு என் பொறுப்பு." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நம்ம பிள்ளை இருந்தா எனக்கும் ஒரு பலம் அக்கா."

நம்ம பிள்ளை என்று தம்பி சொன்னதில் குருவியின் அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பழைய பள்ளியில் குருவி கெட்டிக்காரியும் இல்லை, மக்கும் இல்லை. வகுத்தல் கணக்கு அப்போதுதான் பாதி பிடிபட்டிருந்தது. அந்தப் பாதியோடு கிளப்பிக் கொண்டுவந்தார்கள்.

டேப் சாயங்காலம் வீட்டுக்கும் வரும். திரையில் ஒரு மாடிப்படி, அதில் ஒரு பொம்மை. கணக்கைச் சரியாகப் போட்டால் பொம்மை ஒரு படி ஏறும். முதல் மாதம் குருவியேதான் போட்டாள், கம்பிக்கூடுகளுக்கு நடுவே சம்மணமிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு. பொம்மை மெல்ல ஏறிற்று. சில நாள் ஏறவே இல்லை.

"என்ன அக்கா, ரொம்ப மெதுவா இருக்கே," என்று வந்து நின்றான் மாமன். "டேப் சும்மா கிடக்கக் கூடாது. ஓடிக்கிட்டே இருக்கணும். அங்க பாக்குறாங்க."

இதை அந்த வீட்டில் போய்ச் சொன்னான். சும்மா கிடக்கக் கூடாது என்பதை அவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ள யாரால் முடியும்? குருவி நூல் வாங்கக் கடைக்குப் போன ஒரு சாயங்காலம் டேப் துணிக்கட்டின்மேல் கிடந்து கூப்பிட்டது. குடைக்காரர் எட்டிப் பார்த்து ஒரு கூட்டலைப் போட்டார். பொம்மை ஏறியதும் கைதட்டிச் சிரித்தார். அடுத்ததை மனைவி போட்டாள். அவர்களுக்குத் தெரியாதது வந்தபோது டேப் அத்தையின் மடிக்குப் போயிற்று. குடை போகிற மாதிரிதான் போயிற்று. ஆனால் திரும்பி வரவில்லை.

அத்தைக்கு முதல் கணக்கு தப்பாகிவிட்டது. டேப்புக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "பரவாயில்லை, இன்னொரு தடவை சேர்ந்து பார்க்கலாமா?" என்று கேட்டது. அத்தை ஊசியை வாயில் கவ்வியபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். பரவாயில்லை என்ற சொல்லை அவரிடம் யார் எப்போது சொன்னார்கள்? இழுத்துக் கட்டு, கோணலாகப் போகிறது, இன்னும் முடியவில்லையா என்பதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குரலுக்காகவே அவர் மறுபடி போட்டார். பிறகு பின்னக் கணக்கு, பிறகு எழுத்தை வைத்துப் போடும் கணக்கு, பிறகு நமக்கெல்லாம் பெயர் தெரியாத என்னென்னவோ. பொம்மை தாவித் தாவி ஏறிற்று. குருவியின் பெயர் பள்ளியில் முதலில் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமன் சாப்பிட வந்தான். மீன் பொரித்திருந்தார்கள். அவனுக்கு எதிரிலேயே அத்தை சுவரில் சாய்ந்து, முழங்காலில் டேப்பை வைத்து விரலால் எழுதிக்கொண்டிருந்தார். குருவி அந்தப் பக்கம் கைப்பிடிகளுக்குப் பிசின் தடவிக்கொண்டிருந்தாள்.

"பெரியக்கா, நீங்களா இது?" மாமன் முள்ளை எடுத்துவிட்டுச் சிரித்தான். "நான் கூட நம்ம குருவிக்கு எப்படி இவ்வளவு மூளைன்னு யோசிச்சேன்."

அத்தை டேப்பைக் கீழே வைத்துவிட்டார். "தப்பா தம்பி?"

"அட, போடுங்க போடுங்க. யார் கை காலியோ அவங்க போடுங்க. படி ஏறுனாச் சரி. வெளிய மட்டும் சொல்லிக்காதீங்க." இன்னொரு துண்டு மீனைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

குருவி தலை நிமிரவில்லை. அன்று பாத்திரம் கழுவும்போது அம்மாவிடம் சொன்னாள்.

"அம்மா, பள்ளிக்கூடத்துல அது கேக்குறது எதுவும் எனக்குப் புரியல."

"மாமாகிட்ட கேக்க வேண்டியதுதானே."

"கேட்டேன். கஷ்டமா இருந்தா விட்டுடு, வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கலாங்குறாரு."

"அப்புறம் என்னடி? வீட்டுல இத்தனை பேர் இருக்கோம்ல?"

"அது என்னைக் கேக்கலம்மா. உங்களையெல்லாம் கேக்குது."

"சரி சரி, தட்டைக் கவுத்து வை," என்றாள் அம்மா. மறுநாள் ஒரு பெரிய கடைக்குக் குடை போகவேண்டியிருந்தது. அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? ஆனால் சொல்லாமலும் இருக்கமுடியவில்லை. பிள்ளை அவ்வளவு தெளிவாகச் சொன்னது.

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் அறக்கட்டளைக்காரர்கள் வந்தார்கள். எந்தப் பிள்ளை அதிகம் ஏறியதோ அதையும் வீட்டாரையும் பார்க்க வேண்டும் என்றார்களாம். குருவி வரமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டாள். மாமன் மண்டிபோட்டுக் கெஞ்சினான். "சும்மா உக்காந்து சிரிச்சா போதும்டா கண்ணு. ஒண்ணும் கேக்க மாட்டாங்க. மாமா பக்கத்துலதானே இருப்பேன்." மாமன் பக்கத்தில் இருப்பான் என்றுதான் அவள் போனாள்.

குடைக்காரர் பெட்டியிலிருந்த நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டார். அம்மாவும் அத்தையும்கூடப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் மெத்தைகளைத் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். சுவரில் பெரிய திரையில் குருவியின் பொம்மை மாடிப்படியின் உச்சியில் நின்றது. வந்தவர்களில் மூத்தவர் நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஒரு அம்மா. நல்ல மாதிரிதான். குருவியின் பக்கத்தில் தாழ்வாக உட்கார்ந்து, ஒரு தாளையும் பென்சிலையும் அவள்முன் வைத்தார்.

"போன வாரம் ஒரு கணக்கு போட்டியே, எனக்கு அது தெரியாது. சொல்லிக் குடுக்குறியா?"

குருவி பென்சிலை எடுத்தாள். ஒரு எண்ணை எழுதினாள். அதை அடித்தாள்.

"இதைவிடச் சுலபமா ஒண்ணு?" அந்த அம்மா ஒரு சாதாரண வகுத்தலை எழுதினார். குருவி அதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீ போட்டதுதானே கண்ணு அதெல்லாம்?"

"நான் போடல."

"பின்ன யாரு?"

குருவி அம்மாவைப் பார்க்கவில்லை, அத்தையைப் பார்க்கவில்லை. "மாமா..." என்று அவனைப் பார்த்தாள்.

எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது. பள்ளி நிர்வாகி, "இவங்க உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டார்.

"இல்ல சார். தெருவுல பழக்கம். பிள்ளைங்க எல்லாரும் என்னை மாமான்னுதான் கூப்பிடும்." அவன் எழுந்து நின்று, அறக்கட்டளை அம்மாவிடம் பேசினான். "மேடம், எனக்கே இப்பத்தான் தெரியுது. வீட்டுல யாரோ போட்டிருக்காங்க. பிள்ளையைத் தவிர யாரும் தொடக் கூடாதுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். படிக்காத ஜனங்க மேடம். பிள்ளை முதல்ல வரணும்னு ஆசை. ஏமாத்துறோம்னுகூட அவங்களுக்குத் தெரியாது."

"தம்பி," என்றாள் குருவியின் அம்மா. மெதுவாகத்தான் சொன்னாள். அவன் திரும்பவில்லை. அவன் காதில் விழுந்தது அவன் கழுத்து விறைத்ததிலேயே தெரிந்தது. கூடப் பிறந்தவனின் முதுகை அவள் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. குடைக்காரர் எழுந்துவிடுவார் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எழுந்தது அத்தைதான். "பிள்ளையை ஒண்ணும் சொல்லாதீங்க. ஆரம்பத்துல எல்லாருமாப் போட்டோம். அப்புறம் வந்த கஷ்டமானது எல்லாம் நான்தான் போட்டேன்."

"நீங்களா?" அறக்கட்டளை அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது."

அந்த அம்மா அதன்பிறகு குருவியின் பக்கம் திரும்பவே இல்லை. குருவி பென்சிலைத் தாளின் நடுவில் நேராக வைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து யாரும் சோற்றைத் தொடவில்லை. குருவியின் அம்மா மிஷின்முன் உட்கார்ந்து, தைக்காமல் சக்கரத்தைக் கையால் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"தெருவுல பழக்கமாம்! அம்மா போனப்புறம் இவனுக்குச் சோறு ஊட்டினது யாரு? தெருவா? என் கம்மலை வித்து அந்த போன் கடையில சேத்துவிட்டது தெருவா?"

"விடு," என்றார் குடைக்காரர். "இனிமே ஞாயித்துக்கிழமை மீன் மிச்சம்."

அவர் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. அவரே சிரிக்கவில்லை.

மாமன் ஒரு வாரம் தலைகாட்டவில்லை. பிறகு ஒரு மத்தியானம் கொட்டுகிற மழையில் தொப்பலாக நனைந்து வாசலில் வந்து நின்றான். எங்கும் குடையாக நிறைந்த வீட்டில் ஒருவரும் அவனை உள்ளே வா என்று சொல்லவில்லை, துண்டு கொடுக்கவில்லை. அவனாகவே வந்து, எப்போதும் உட்காரும் துணிக்கட்டில் உட்காரப் போய், ஈரத்தோடு உட்காரக்கூடாது என்று நினைவு வந்து நின்றுகொண்டான்.

"அக்கா, நான் அன்னிக்கு அப்படிச் சொல்லலேன்னா எல்லாம் போயிருக்கும். பள்ளிக்கூடமே போயிருக்கும். நூறு பிள்ளைங்க..."

"வந்த விஷயத்தைச் சொல்லு."

"குருவி இனிமே அங்க வர முடியாது. அவ பாடம் எங்க நிக்குதுன்னு அந்த டேப்புக்கே தெரியல. பழைய பள்ளிக்கூடத்துல நான் பேசிட்டேன். எடுத்துக்குறாங்க. என்ன, ஒரு வகுப்பு கீழ உக்கார வெப்பாங்க."

குருவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கூட்டாளிப் பெண்கள் எல்லாம் மேலே போயிருப்பார்கள்.

"அவ்வளவுதானா? சொல்லிட்டல்ல, கிளம்பு," என்றாள் குருவியின் அம்மா.

அவன் கிளம்பவில்லை. தரையைப் பார்த்தபடி, "பெரியக்காவைக் கூப்பிடுறாங்க," என்றான்.

"யாரு?"

"அறக்கட்டளைல. எட்டாவது படிச்சவங்க தானாவே இவ்வளவு தூரம் வந்திருக்காங்கன்னா இது பிள்ளைகளுக்கு மட்டும் இல்ல, பெரியவங்களுக்கும் ஆகும்ங்குறாங்க. சாயங்காலம் பெரியவங்களுக்குன்னு தனியா ஒண்ணு ஆரம்பிக்கப் போறாங்க. பணம் குடுக்க ஒத்துக்கிட்டாங்க. பெரியக்காதான் முதல் ஆளு. பெரியக்கா வந்தாத்தான் பணம் வரும்."

குடைக்காரர் கையிலிருந்த கைப்பிடி பிசினோடு அவர் விரலில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்க்கக்கூடத் தோன்றாமல் இருந்தார்.

"என் பிள்ளையை வெளிய தள்ளிட்டு, என் அண்ணியைக் கூட்டிட்டுப் போக வந்தியா?" குருவியின் அம்மா எழுந்து கதவருகே போனாள். "உனக்கெல்லாம் வெக்கமே கிடையாதாடா? அண்ணி, நீங்களே உங்க வாயால சொல்லிடுங்க. அப்படியே கதவைச் சாத்திட்டு வரேன்."

அத்தை ஒரு மூலையைக் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்தார். மழைச் சத்தத்தில் முதலில் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

"எப்ப வரணும் தம்பி?"

"அண்ணி!"

"என்னைத் திட்டு. ஆனா போக வேண்டாம்னு மட்டும் சொல்லாதே." அத்தை ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "எட்டாவதுல நிறுத்தினப்ப என்னை யாரும் கேக்கல. ஊசி வேணுமான்னு கேக்கல, கல்யாணம் வேணுமான்னு கேக்கல. இப்பத்தான் ஒருத்தர் கேக்குறாங்க."

"அவங்க உன்னைக் கேட்டது எம் பொண்ணால, அக்கா," என்றார் குடைக்காரர். அக்காவிடம் அவர் குரல் உயர்ந்ததில்லை, அன்றும் உயரவில்லை. "அவ முதுகுல ஏறி நின்னுதான் நீ அவங்க கண்ணுக்குத் தெரிஞ்ச."

"தெரியும்டா," என்றார் அத்தை. "அது தெரிஞ்சுதான் கேக்குறேன்."

தம்பி மோசம் செய்தபோது குருவியின் அம்மாவுக்குக் கோபம் வந்தது. அண்ணி அப்படிக் கேட்டபோது கோபம்கூட வரவில்லை. இத்தனை வருடம் தன்னோடு ஒரே அடுப்பில் சமைத்தவர். இவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் மிஷினுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அவள் தைத்த அந்தக் குடையின் தையல் எல்லாம் கோணல்.

அடுத்த திங்கட்கிழமை குருவி பழைய பள்ளிக்குப் போனாள். அவளைவிடச் சின்னப் பிள்ளைகளோடு, கடைசி வரிசையில் உயரமாக உட்கார்ந்துவிட்டு வந்தாள். அன்று சாயங்காலம் அத்தை துவைத்து மடித்த உடையை உடுத்திக்கொண்டு மழையில் இறங்கினார். "போயிட்டு வரேன்," என்று பொதுவாகச் சொன்னார். குருவியின் அம்மா மிஷினை இன்னும் வேகமாக ஓட்டினாள்.

அவர் திரும்பி வந்தபோது முன்னறையில் விளக்குப் போட்டிருந்தது. மிஷின் ஓடிற்று. குருவி தரையில் குப்புறப் படுத்து நோட்டில் வகுத்தல் போட்டுக்கொண்டிருந்தாள். அத்தை பையிலிருந்து டேப்பை எடுத்தார். வேறு டேப் இல்லை, அதேதான். ஓரத்தில் பிசின் கறை அப்படியே இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு குருவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு வாரமாக அவள் அத்தையிடம் பேசவில்லை.

"வரலேன்னா சொல்லு. நான் சொல்லித் தரேன்," என்றார் அத்தை.

குருவி நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு கணக்கை முடித்துவிட்டு, நிமிராமலே கேட்டாள்.

"அத்தை, முதல் மாசம் போட்டதெல்லாம் நான்தானே? அப்ப நீங்க யாரும் தொடல."

"ஆமாண்டி கண்ணு. அது நீயேதான் போட்ட. எனக்குத் தெரியாதா?"

"அதெல்லாம் டேப்புக்குள்ள இருக்கா?"

"இருக்கு."

"என் பேர்லயா?"

மிஷின் நின்றுவிட்டது. ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அத்தைக்கு அந்த வயதுவரை பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"இன்னிக்குக் காலைல எல்லாத்தையும் என் பேருக்கு மாத்திட்டாங்க கண்ணு," என்றார். "அதையும் சேத்து."

குருவி தலையை ஆட்டிக்கொண்டாள். நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு எழுந்து, உள்ளறைக்குப் போய், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.